கோட்டைக் கதவு மூடியிருக்கா, திறந்து கிடக்கா? ஆட்டிசமும் மூளையோட சமநிலையும்

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்ன இடங்களையும் மட்டும் எடுத்திருக்கோம்.)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா செஞ்சி. திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஏறினா வழியில ரெண்டு பக்கமும் பாறையா அடுக்கி வச்ச மாதிரி மலை வரும்ல, அந்த ஊர்தான். இப்ப யுனெஸ்கோ பட்டியல்ல வேற வந்தாச்சு. 2025 ஜூலைல மராத்தா ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க, அதுல தமிழ்நாட்டுல இருக்கறது செஞ்சி மட்டும்தான்.

அக்கா பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம் இருக்குன்னு நாலு வயசுல சொன்னாங்க. தீபாவளி அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்குத் தெருவுல முதல் சரம் வெடிச்சதுமே அவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு பீரோ இடுக்குல போய் உட்கார்ந்துட்டான். எட்டு மணிக்குப் பலகாரத் தட்டோட வந்த பக்கத்து வீட்டு அத்தை அவனைப் பார்த்துட்டு அக்காகிட்ட, "நீ வேலை வேலைன்னு போனைக் கையில குடுத்து வளர்த்த, அதான் புள்ள இப்படி ஆயிடுச்சு"ன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. அந்த தட்டுல அவனுக்குன்னு தனியா மைசூர்பாகு எடுத்துட்டு வந்திருந்தாங்க. அக்கா ஒண்ணும் சொல்லல, தட்டை வாங்கி உள்ள வச்சா.

அத்தை சொன்ன அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அது செஞ்சியில ஆரம்பிக்கல. அமெரிக்காவுல பெரிய பெரிய டாக்டர்கள் சொன்னது, புத்தகமா போட்டு வித்தது. அந்தப் புத்தகங்கள்ல ரொம்பப் பிரபலமான ஒண்ணோட தலைப்பே ஒரு கோட்டையைப் பத்தினது. இன்னைக்கு எபிசோட் அங்க ஆரம்பிச்சு, மெட்ராஸ் வழியா, மூளைக்குள்ள இருக்கற ஆக்சிலேட்டர் பிரேக் கணக்கு வரைக்கும் போகும்.

1943. அமெரிக்காவுல பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. லியோ கேனர்னு ஒரு குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதறார். ஆட்டிசம்ங்கற பேருக்கு இன்னைக்கு நாம குடுக்கற அர்த்தம் அங்கருந்துதான் பரவுச்சு. அவருக்கு முன்னாடியே 1920கள்ல மாஸ்கோவுல குரூன்யா சுகரேவான்னு ஒரு பெண் மருத்துவர் கிட்டத்தட்ட இதே மாதிரி குழந்தைகளை விவரிச்சு எழுதியிருந்தாங்க, ரொம்ப காலம் யாரும் கண்டுக்கல. அது தனி எபிசோடுக்கான கதை.

கேனரோட கட்டுரையில ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, கடைசியில அவரே இது பிறவியிலேயே வர்றதுன்னு எழுதறார். ஆனா அதே கட்டுரையில, இந்தப் பெற்றோர்கள்ல மனசுல ஈரம் உள்ளவங்க கொஞ்சம் பேர்தான்ங்கற தொனியிலயும் எழுதிட்டார். ரெண்டாவது, அந்தக் குழந்தைகள் எதுக்கெல்லாம் பயந்தாங்கன்னு ஒரு பட்டியல் குடுக்கறார்: வேக்குவம் கிளீனர், லிஃப்ட், குழாய்ல ஓடற தண்ணி, முட்டை அடிக்கற கருவி. எல்லாமே சத்தம் போடற, அசையற சாமான். எங்க வீட்டு பீரோ இடுக்குக்கு 80 வருஷம் முன்னாடியே அந்தப் பட்டியல் எழுதியாச்சு. ஆனா உலகம் பிடிச்சுக்கிட்டது சத்தத்தை இல்ல, பெற்றோரை. கேனரும் 1949ல, உருகவே உருகாத ஃப்ரிட்ஜுக்குள்ள வச்ச குழந்தைகள்ங்கற மாதிரி ஒரு உவமை சொல்லி வச்சார். அதுல இருந்து 'ஃப்ரிட்ஜ் அம்மா'ங்கற பட்டம் வந்துச்சு.

அந்தப் பட்டத்தை ஊர் ஊரா கொண்டுபோனவர் புரூனோ பெட்டல்ஹைம். சிகாகோவுல குழந்தைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியை நடத்தினவர். வியன்னாக்காரர், யூதர், 1938-39ல டாக்காவ், பூகன்வால்ட்னு ரெண்டு நாஜி முகாம்கள்ல அடைபட்டு வெளிய வந்தவர். முகாம்ல நம்பிக்கை இழந்து, பேச்சை விட்டு, உள்ளுக்குள்ள சுருங்கிப்போன கைதிகளை நேர்ல பார்த்தவர். ஆட்டிசக் குழந்தையும் அப்படித்தான், தன்னை அழிக்க நினைக்கற உலகத்துல இருந்து தப்பிச்சு உள்ள போய்க் கதவை சாத்திக்குதுன்னு சொன்னார். அப்போ முகாம் எது? வீடு. காவல்காரன் யாரு? அம்மா.

1967ல வந்த அவரோட புத்தகத்துக்குப் பேர் 'தி எம்டி ஃபோர்ட்ரெஸ்'. வெறுங்கோட்டை. உள்ள ஆள் இல்லாத கோட்டை. நல்லா வித்துச்சு. பெட்டல்ஹைம் மனநல மருத்துவர் கிடையாது, அவரோட டாக்டர் பட்டம் தத்துவத்துல. அவர் பள்ளியில குழந்தைகளைப் பெற்றோர்கிட்ட இருந்து பிரிச்சு வைக்கறது சிகிச்சையோட ஒரு பகுதி. 1990ல அவர் இறந்ததுக்கு அப்புறம், அங்க படிச்ச சில பேர் எங்களை அடிச்சாருன்னு வெளிப்படையா எழுதினாங்க.

இந்தக் கதையை உடைச்சது இன்னொரு அப்பா. பெர்னார்ட் ரிம்லாண்ட், சான் டியேகோவுல கடற்படையில வேலை பார்த்த உளவியலாளர். அவர் பையன் மார்க்குக்கு ஆட்டிசம். கிடைச்ச ஆராய்ச்சியை எல்லாம் தேடித் தேடிப் படிச்சு 1964ல ஒரு புத்தகம் போடறார்: இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்பு சம்பந்தப்பட்டது இல்லன்னு. அதுக்கு முன்னுரை எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? லியோ கேனர். 1969ல பெற்றோர்கள் கூடின ஒரு மாநாட்டுல கேனர் எழுந்து, உங்க மேல தப்பில்லன்னு நேராவே சொன்னார். 1977ல சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ரெண்டு பேரும் 21 ஜோடி இரட்டையர்களை எடுத்துப் பார்த்தாங்க. ஒரே கருவுல இருந்து பிறந்த 11 ஜோடியில 4 ஜோடிக்கு ரெண்டு பேருக்குமே ஆட்டிசம். தனித்தனி கருவுல இருந்து வந்த 10 ஜோடியில ஒண்ணுல கூட அப்படி இல்ல. சின்ன எண்ணிக்கைதான். ஆனா ரெண்டு வகை ஜோடியையும் வளர்த்தது அதே மாதிரி ஒரே அம்மாதானே? வித்தியாசம் மரபணுவுலதான் இருந்துச்சு.

மேற்குல இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்த அதே காலத்துல மெட்ராஸ்ல என்ன நடந்துச்சு? இதைத் தேடிப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

சீர்காழியில பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல மெட்ராஸ் பொது மருத்துவமனையில நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைக்கறார். இந்தியாவுல அந்தத் துறையைக் கட்டினவங்கள்ல ஒருத்தர். எத்தனையோ உயிரைக் காப்பாத்தின துறை அது. அவரோட டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி.எஸ். கனகா. கனகா ஆசியாவோட முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்கள்ல ஒருத்தர், தமிழ்நாடு கொண்டாட வேண்டிய பேர். இவங்க 1960கள்ல இருந்து ஒரு வகை ஆபரேஷன் பண்ணினாங்க. அதுக்கு அவங்களே வச்ச பேர் 'செடேட்டிவ் நியூரோசர்ஜரி'. அமைதிப்படுத்தும் அறுவைன்னு சொல்லலாம்.

மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவுல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. பயம், கோபம், ஆபத்து வருதான்னு கவனிக்கறது எல்லாம் அந்த வழியா ஓடற சுற்றுகள்ல நடக்குது. சமாளிக்கவே முடியாத துறுதுறுப்பு, ஆக்ரோஷம், தன்னைத்தானே அடிச்சுக்கறது, வீட்டை விட்டு ஓடிப்போறது, இப்படி இருந்தவங்களுக்கு மண்டையோட்டுல சின்னத் துளை போட்டு, எக்ஸ்ரே பார்த்து அளவெடுத்து, ஒரு ஊசிக் கருவியை உள்ள விட்டு அமிக்டலாவை ரெண்டு பக்கமும் செயலிழக்க வைக்கறது. யோசனை ஜப்பான்ல இருந்து வந்தது. அங்க ஹிரோதாரோ நராபயாஷி எண்ணெய்-மெழுகுக் கலவையை உள்ள செலுத்தி இதைப் பண்ணி 1963ல கட்டுரை எழுதியிருந்தார். அதுல சரியாகலன்னா அடுத்த கட்டமா ஹைப்போதலாமஸ்ல ஒரு புள்ளி. அது கெய்ஜி சானோன்னு இன்னொரு ஜப்பானியரோட முறை.

1988ல டாக்டர் ராமமூர்த்தி எழுதின கட்டுரையில மொத்தக் கணக்கு இருக்கு: 603 ஆபரேஷன். அதுல 481 அமிக்டலாவுல, 122 ஹைப்போதலாமஸ்ல. பலர் சிறுவர்கள்.

மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் வந்த நடத்தை மாற்றம், வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு, 'ஹைப்பர்கைனடிக்' குழந்தைகள்னு அவங்க வகை பிரிச்சிருக்காங்க. ஆட்டிசம்ங்கறது அப்போ இந்தியாவுல ரொம்ப அரிதா மட்டும் எழுதப்பட்ட ஒரு நோய்ப்பெயர். இன்னைக்கு அதே குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனா, அதுல சில பேருக்கு வேற ஒண்ணுமே சொல்லாம ஆட்டிசம்னு எழுதிக் குடுப்பாங்கங்கறது என் ஊகம். ஊகம்தான்.

இந்த டாக்டர்களை வில்லனாக்கறது சுலபம். நான் அதைப் பண்ண விரும்பல. அவங்க எதையும் மறைக்கல, எண்ணிக்கையோட பத்திரிகையில எழுதினாங்க. அப்போ ஒரு தகப்பன் தன் பையனைக் கூட்டிட்டு பொது மருத்துவமனை வாசல்ல நின்னா அவர் முன்னாடி இருந்த வழி என்ன? சிறப்புப் பள்ளி பெரிய நகரத்துலயே அபூர்வம். வீட்டுல தூண்ல கட்டி வைக்கறது, இல்லன்னா கோயில்லயோ தர்காவுலயோ கொண்டு விடறது. சங்கிலியோட முடிவு என்னன்னு 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடியில பார்த்தோம். கொட்டகை தீப்பிடிச்சு, கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. அந்த நிலைமையில ஊசி ஒரு கருணையா தெரிஞ்சிருக்கலாம்.

ஆனா வெற்றின்னு அவங்க எதை அளந்தாங்கன்னு பாருங்க. பையன் அமைதியா ஆனானா, வீட்டுல சமாளிக்க முடியுதா? ஏன் அவன் ஓடினான், எதைப் பார்த்து ஓடினான்ங்கற கேள்விக்கு அந்த மதிப்பெண் பட்டியல்ல இடமே இல்ல. சுற்றுல சத்தம் அதிகம், ஸ்பீக்கரைப் பிடுங்கு. அவ்வளவுதான் கணக்கு. மூளைச் சுற்றுல ஏதோ சமநிலை தப்புதுன்னு அவங்க நினைச்சதுல தப்பில்ல. அந்தச் சமநிலையைத் தொட அவங்ககிட்ட இருந்தது அந்த ஊசி மட்டும்.

சரி, சமநிலைன்னா என்ன? இதுக்கு நம்ம ஊர் மைக்செட் போதும்.

ஆடி மாசம் அம்மன் கோயில்ல மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையர் வச்சிருப்பார்ல. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினா பாட்டு நல்லா கேட்கும். இன்னும் கூட்டினா பாட்டோட சேர்ந்து இரைச்சலும் பெருசாகும். அதுக்கும் மேல போனா, ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தையே மைக் திரும்ப வாங்கி, 'ஊஊஊ'ன்னு ஊளையிடும். ஒரு சுற்றுக்குப் பெருக்கறதும் வேணும், அமத்தறதும் வேணும்.

மூளையோட மேற்பரப்புல இருக்கற நரம்பு செல்கள்ல ஏறத்தாழ 80 சதவீதம் பக்கத்து செல்லைக் கிளப்பி விடறவை. அவை விடற வேதிப்பொருள் குளுட்டமேட். மீதி 20 சதவீதம் அமத்தறவை. அவை விடறது காபா. எண்ணிக்கையில கம்மியா இருந்தாலும் அந்த 20தான் டிராஃபிக் போலீஸ். எப்போ எந்தச் சிக்னல் போகணும், எது நிக்கணும்னு நேரம் பார்த்து நிறுத்துவாங்க. கிளப்பறது ரொம்ப மிஞ்சிப்போனா மைக்செட் ஊளையிடற மாதிரி மூளையும் ஊளையிடும். அதுதான் வலிப்பு. ஆட்டிசம் உள்ளவங்கள்ல வலிப்பு மத்தவங்களை விடப் பல மடங்கு அதிகமா வருதுன்னு ரொம்ப காலமாவே தெரியும்.

2003ல ஜான் ரூபன்ஸ்டீன், மைக்கேல் மெர்செனிக்னு கலிஃபோர்னியாக்காரங்க ரெண்டு பேர் இதையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரை எழுதறாங்க. ஆட்டிசத்துக்குக் காரணமான மரபணுக்கள் ஏகப்பட்டது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது. ஆனா அதுல பலதும் ஏதோ ஒரு வழியில கிளப்பறதுக்கும் அமத்தறதுக்கும் உள்ள விகிதத்தைக் கிளப்பற பக்கமா சாய்ச்சா? அப்போ மூளை இரைச்சல் நிறைஞ்ச மூளையாகும். வர்ற சிக்னல்ல எது முக்கியம், எது வெறும் சத்தம்னு பிரிக்கறது கஷ்டமாகும். நான் முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது பீரோ இடுக்குதான்.

இதுக்கு முன்னோடியும் உண்டு. பெட்டல்ஹைம் புத்தகம் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1964ல, இங்கிலாந்துல கொரின் ஹட்டும் அவங்க குழுவும் நேச்சர் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினாங்க. இந்தக் குழந்தைகளோட மூளை அலைகளைப் பார்த்துட்டு, இவங்க எப்பவுமே அளவுக்கு மீறி விழிப்பு நிலையில இருக்காங்க, அதனாலதான் புதுசா வர்றதை ஒதுக்கிட்டு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பண்றாங்கன்னு சொன்னாங்க. யாரு கேட்டா? கோட்டை உவமை கவர்ச்சியா இருந்துச்சு.

நடுவுல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கதை. வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில படிச்சவர், வெட்டி எடுத்த கைக்கு வலி வர்றதைக் கண்ணாடியை வச்சுக் குறைச்சுக் காட்டினவர். 2006ல அவரும் லிண்ட்சே ஓபர்மேனும் 'உடைந்த கண்ணாடிகள்'னு ஒரு விளக்கம் குடுத்தாங்க. அடுத்தவர் ஒண்ணைச் செய்யறதைப் பார்க்கும்போது நாமே செய்யற மாதிரி வேலை செய்யற 'மிரர் நியூரான்'களை இத்தாலியில குரங்குகள்ல கண்டுபிடிச்சிருந்தாங்க. ஆட்டிசத்துல அது பழுதாயிடுச்சு, அதான் அடுத்தவங்க மனசு புரியலைன்னு ராமச்சந்திரன் சொன்னார். பத்திரிகைக்காரங்களுக்குக் கொண்டாட்டம். எனக்கும் காலேஜ்ல ரொம்பப் பிடிச்ச தியரி, ஒரு செமினார்ல கூடப் பேசியிருக்கேன். இன்னைக்குச் சொல்றேன், அது நிக்கல. 2010ல இலன் டின்ஸ்டைன் குழு ஸ்கேன்ல பார்த்தப்ப ஆட்டிசம் உள்ளவங்களோட மிரர் பகுதிகள் மத்தவங்களுக்கு மாதிரியே வேலை செஞ்சுது.

இதே டின்ஸ்டைன் 2012ல இன்னொண்ணு காட்டினார். ஒரே படத்தை, ஒரே சத்தத்தை, ஒரே தொடுதலைத் திரும்பத் திரும்பக் குடுத்தா, ஆட்டிசம் உள்ளவங்க மூளையில வர்ற பதிலோட சராசரி மத்தவங்களோடதுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி ஏறி இறங்குது. டெஸ்ட் ஓட்டினா ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்னு வர்ற கோட் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. கண்ணாடி உடையல, இரைச்சல் கூடியிருக்கு. ரூபன்ஸ்டீன், மெர்செனிக் சொன்னதோட இது ஒத்துப் போகுது.

2011ல எலிகள்ல ஒரு சோதனை. ஸ்டான்ஃபோர்டுல கார்ல் டைசராத் ஆய்வகம், ஒளியால நரம்பு செல்லை இயக்கற முறையைக் கொண்டுவந்த இடம். எலியோட முன்மூளையில கிளப்பற செல்களை மட்டும் வெளிச்சம் போட்டு உசுப்பினாங்க. பக்கத்துல இன்னொரு எலியை விட்டா அது கண்டுக்கவே இல்ல. அதோட சேர்த்து அமத்தற செல்களையும் உசுப்பினா, பழைய பழக்கம் ஓரளவுக்குத் திரும்ப வந்துச்சு.

இங்கதான் எல்லாருக்கும் ஆசை வந்துச்சு. விகிதம்தான் பிரச்சினைன்னா மாத்திரையில சரி பண்ணிடலாமே?

பியூமெட்டனைடுன்னு ஒரு பழைய மாத்திரை. உடம்புல தேங்கற நீரைச் சிறுநீரா வெளியேத்தறதுக்குக் குடுக்கறது. கருவுல இருக்கற மூளையில காபா அமத்தறது இல்ல, கிளப்பும். பிறக்கற சமயத்துல செல்லுக்குள்ள குளோரைடு குறைஞ்சு அது பிரேக்கா மாறும். ஆட்டிசத்துல அந்த மாற்றம் சரியா நடக்கலைன்னா, குளோரைடைக் குறைக்கற இந்த மாத்திரை உதவுமேன்னு பிரான்ஸ்ல யெஹெஸ்கெல் பென்-ஆரி யோசிச்சார். யோசனை அழகு. 2012ல வந்த சின்ன ஆய்வு நம்பிக்கை குடுத்துச்சு. அப்புறம் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வச்சுப் பெரிய ஆய்வு நடத்தினாங்க. 2021ல நிறுத்திட்டாங்க. மாத்திரை சாப்பிட்டவங்களும் முன்னேறினாங்க, ஒண்ணுமில்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினாங்க.

இந்த ரெண்டாவது பாதியை அக்காகிட்ட சொல்றது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவ வாட்ஸ்அப்ல அந்த மாத்திரை பேர் ஏற்கெனவே வந்திருந்துச்சு. ஒரு பெருநகர கிளினிக்ல ஸ்டெம்செல் போட லட்சக்கணக்குல கேட்டிருந்தாங்க, அந்த நோட்டீஸும் இருந்துச்சு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாதுன்னு நேஷனல் மெடிக்கல் கமிஷன் 2022 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. அதைக் காட்டினேன். "அப்போ என்னதாண்டா பண்றது?"ன்னா. என்கிட்ட உடனே பதில் இல்ல.

ஏன் மாத்திரை வேலை செய்யல? சமநிலைங்கறது ஒரே குமிழ் இல்ல. நான் மைக்செட்டை வச்சு விளக்கினதுலயே பாதி பொய். மூளையில லட்சக்கணக்கான மைக்செட், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வயசுல ட்யூன் ஆகறது. 2007ல, ஆட்டிசம் உள்ள அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்ட கண்டுபிடிச்ச ஒரு மரபணு மாற்றத்தை எலியில போட்டுப் பார்த்தப்ப, அமத்தறதுதான் கூடிச்சு. நேர் எதிர். 2019ல மிஷெல் ஆன்ட்வான், டேனியல் ஃபெல்ட்மேன் நாலு விதமான எலிகளைப் பார்த்தாங்க. நாலுலயும் விகிதம் கிளப்பற பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. ஆனா செல்கள் சுடற வேகம் பெருசா மாறவே இல்ல. அப்போ சாய்ஞ்ச விகிதமே வேற ஏதோ ஒரு கோளாறை ஈடுகட்ட மூளை செஞ்சுக்கிட்ட ஏற்பாடா இருக்கலாம். என் வேலையில இது தினமும் நடக்கற கூத்து. ஒரு விசித்திரமான கோடைப் பார்த்துட்டு 'பக்'னு நினைச்சு அழிச்சா, அது வேற ஒரு பக்குக்கு யாரோ போட்ட ஒர்க்அரவுண்டா இருக்கும். அழிச்ச அன்னிக்கு ராத்திரியே சர்வர் படுத்துடும்.

அப்புறம் வயசு. சின்கேப்-1னு ஒரு மரபணு. குழந்தைப் பருவத்துல நரம்பு இணைப்புகள் அவசரப்பட்டு முதிராம இருக்க அது பிரேக் மாதிரி வேலை செய்யும். அதுல ஒரு பிரதி பழுதானா அறிவு வளர்ச்சிக் குறைவு, வலிப்பு, பல பேருக்கு ஆட்டிசம். 2012ல செல் பத்திரிகையில ஜேம்ஸ் கிளெமென்ட் முதல் ஆசிரியரா வந்த கட்டுரை: பழுதான எலிகள்ல இணைப்புகள் பிறந்த சில வாரத்துக்குள்ளயே அவசரமா முதிர்ந்துடுது, சுற்று அளவுக்கு மீறிக் கிளம்புது. வளர்ந்ததுக்கு அப்புறம் மரபணுவைச் சரி பண்ணினாலும் நடத்தை திரும்பி வரல. அமெரிக்காவுல அந்த வேலையைப் பண்ணின கிளெமென்ட் இப்போ பெங்களூரு ஜக்கூர்ல ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துல இருக்கார். அந்தக் கால ஜன்னல் நிஜமாவே மூடிடுதா, கொஞ்சமாவது திறக்க முடியுமாங்கறதுதான் அங்க இன்னும் ஓடற கேள்வி. செஞ்சியில இருந்து அஞ்சாறு மணி நேரப் பயணத்துல, எலிகளை வச்சுக்கிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

இன்னொரு பக்கம் சட்டம் மெதுவா நகர்ந்துச்சு. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகைதான், ஆட்டிசம் கிடையாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல பேர் வந்துச்சு. 2005ல சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை ஊனமுற்றோருக்கான நிறுவனம் வந்துச்சு. 2016 சட்டத்துல 21 வகையில ஒண்ணா ஆட்டிசமும் சேர்ந்துச்சு. அக்கா பையனுக்கு அட்டை வாங்கினப்ப அதுல இருந்த தமிழ்ப் பேரைப் பார்த்தேன். நம்ம அரசு ஆவணங்கள்ல ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்'னு எழுதறாங்க.

புற உலகச் சிந்தனையே அற்றவன். பெட்டல்ஹைமோட வெறுங்கோட்டையைத் தமிழ்ல மொழிபெயர்த்த மாதிரியே இருக்கு, யாரும் வேணும்னு பண்ணல. வெடிச் சத்தத்துக்குத் தெருவுல இருக்கறவங்க எல்லாரையும் விட முன்னாடி துள்ளினவன் அவன்தான். புற உலகம் அவனுக்கு இல்லாம இல்ல, அளவு பார்க்காம உள்ள வருது. ஹென்றி, கமீலா மார்க்ரம் தம்பதி, அவங்களுக்கும் ஆட்டிசம் உள்ள ஒரு பையன், 2007ல இதையே ஒரு கொள்கையா எழுதினாங்க, 'தீவிர உலகம்'னு பேர் வச்சு. அதுலயும் ஓட்டைகள் உண்டு, சில குழந்தைகள் சத்தத்தைக் கண்டுக்கவே மாட்டாங்க, சில பேர் தேடிப் போவாங்க. 2013ல வந்த அமெரிக்க நோய்ப் பட்டியல் இந்த ரெண்டையுமே, அதிகமா உறுத்தறது, குறைவா உறுத்தறது, ஆட்டிசத்தோட அடையாளமா முதல் தடவை சேர்த்துச்சு. கேனரோட வேக்குவம் கிளீனர் பட்டியல் வந்து 70 வருஷம் கழிச்சு.

அன்னிக்குப் பத்து மணிக்கு மேல அவனை பைக்ல உட்கார வச்சுக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறல, அது அவனுக்கு மட்டுமில்ல எனக்கும் முடியாது. கீழ கல்யாண மகால் படிக்கட்டுல உட்கார்ந்தோம். ஊர்ல வெடிக்கற சத்தம் அங்க டப் டப்னு பஞ்சுல அடிக்கற மாதிரிதான் கேட்டுச்சு. இந்தக் கோட்டையை 1690ல இருந்து எட்டு வருஷம் முகலாயப் படை வெளிய நின்னு முற்றுகை போட்டுச்சு, உள்ள இருந்த ராஜாராம் கடைசியில தப்பிச்சே போயிட்டார்னு அவனுக்குக் கதை சொன்னேன். கேட்டானா இல்லையான்னு தெரியல. கொஞ்ச நேரத்துல காதுல இருந்த கையை எடுத்துட்டு, மகால்ல எத்தனை ஜன்னல் இருக்குன்னு கீழ் அடுக்குல இருந்து எண்ண ஆரம்பிச்சான். நான் தப்பா எண்ணினப்ப என் விரலைப் பிடிச்சுத் திரும்ப முதல் ஜன்னலுக்குக் கொண்டு வந்து வச்சான்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஃபோல்ஸ்டைன், ரட்டர் இரட்டையர் கதையைச் சொன்னேன். மைசூர்பாகு சாப்பிட்டுக்கிட்டே கேட்டாங்க. "அப்போ போன் இல்லயா?"ன்னாங்க. இல்ல அத்தைன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எங்க தெரு பசங்ககிட்ட அடுத்த வருஷம் அஞ்சு மணிக்கு வெடிக்காதீங்கடான்னு சொல்றேன், ஆறரைக்கு மேல வெடிக்கட்டும்"ன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க.